பாப்பா உட்காரும் பக்கம்

கண்ணாடி உடையும் சத்தம் கேட்டபோது ஜலஜா குக்கரில் பருப்பு வைத்துக்கொண்டிருந்தாள். ஓடிப் போய்ப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. என்ன உடைந்தது, யார் உடைத்தது, எல்லாம் தெரிந்த சத்தம்தான். அடுப்பை அணைத்து, ஈரக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, அப்புறம்தான் வாசலுக்குப் போனாள்.

மாடியில் குடியிருக்கும் உமாசங்கரின் கார் காம்பவுண்டுக்குள் அதன் வழக்கமான இடத்தில் நின்றது. இடது பக்கப் பின்கதவில் கண்ணாடி இருந்த இடம் வெறும் ஓட்டை. தரையெல்லாம் கற்கண்டைக் கொட்டியது போலத் தூள். அதன் நடுவே அவள் மகன் சாய்கிருஷ்ணா வெறுங்காலோடு நின்றான். கேட் சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருக்கும் கல் அவன் காலடியில் கிடந்தது.

போன தடவை உடைத்தபோதே வீட்டிலிருந்த சுத்தியல், குழவி, கொல்லையில் கிடந்த செங்கல் எல்லாவற்றையும் பரணில் தூக்கிப் போட்டிருந்தாள். கேட்டுக் கல் அவள் நினைப்பில் வரவில்லை.

"சாயி, நகராதே. கால்ல குத்திடும்."

"குத்தாதும்மா," என்றான் அவன் சாந்தமாக. கோபமோ படபடப்போ எதுவும் முகத்தில் இல்லை. ஏதோ ஒரு வேலையை முடித்துவிட்டவன் போல நின்றான்.

உள்ளேயிருந்து அவள் கணவர் சாரங்கபாணி வந்தார். காரைப் பார்க்கவில்லை, மகனையும் பார்க்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, ஆணியில் தொங்கிய பையை எடுத்துக்கொண்டு, "மார்க்கெட் வரைக்கும் போயிட்டு வர்றேன்," என்று சொல்லிவிட்டு கேட்டைத் திறந்து போய்விட்டார். மோண்டா மார்க்கெட்டுக்கு நேற்றுதான் போய்வந்திருந்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை என்று ஜலஜா நினைத்துக்கொண்டாள். அவளுக்கும் அப்படிப் போக ஒரு இடம் இருந்தால் போயிருப்பாள்.

மாடிப்படியில் உமாசங்கர் இறங்கி வந்தான். ஈரோட்டுப் பக்கத்துப் பிள்ளை. ஹைடெக் சிட்டியில் வேலை. ஆபீசுக்குக் கிளம்பிக் கழுத்தில் அட்டை மாட்டியிருந்தவன், காரைப் பார்த்ததும் அதைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"தம்பி, நான் என்னன்னு சொல்றது..." என்றாள் ஜலஜா.

"விடுங்க ஆன்ட்டி. யாருக்கும் அடிகிடி படலையே?"

ஒரு தடவையாவது அவன் கத்தித் தொலைத்தால் நன்றாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. மூன்று முறையும் இதையேதான் சொன்னான். முதல் தடவை, தெருப் பையன்கள் பந்தடித்ததாக அவனே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தான். இரண்டாம் தடவை சாயி கல்லோடு நிற்பதை மாடியிலிருந்து அவன் மனைவி நித்யஸ்ரீ பார்த்துவிட்டாள். அதன் பிறகு அவள் தன் குழந்தை பூர்ணாவைக் கீழே விளையாட அனுப்புவதில்லை. படியில் எதிர்ப்பட்டால் சிரிக்கிறாள். சிரித்துக்கொண்டே குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொள்கிறாள்.

"சாயந்திரம் பூர்ணாவுக்குத் தடுப்பூசி போடப் போகணுங்க. இப்பவே ராணிகஞ்ச் போய் மாத்திட்டு வந்துடறேன்," என்றான் உமாசங்கர்.

"நானும் வர்றேன் தம்பி. இந்த வாட்டி கடைக்காரனுக்கு நான்தான் குடுப்பேன். நக்கோ, வேணாம்னு சொல்லாதே."

அவன் மறுக்கவில்லை. மாடியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "வாங்க ஆன்ட்டி. ஆனா சாயையும் கூட்டிட்டு வந்துடுங்க. அங்கிளும் வெளிய போயிட்டாரு. மேல நித்யாவும் பாப்பாவும் தனியா இருக்காங்க."

அவன் கேட்டதில் தப்பில்லை. ஜலஜா உள்ளே போய்த் துடைப்பத்தை எடுத்துவந்து தூளைக் கூட்டினாள்.

சாய்கிருஷ்ணா ஒரு காலத்தில் இப்படி இல்லை. இன்ஜினியரிங் முடித்து மாதாபூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்தபோது அதே மாதாபூர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போன நூறு பிள்ளைகளில் அவனும் ஒருவன். ஒரு வருஷம் நன்றாகத்தான் போனான். அப்புறம், கம்ப்யூட்டருக்குள் இருக்கிறவர்கள் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றான். ஒரு நாள் பாதி வழியிலேயே பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தே வந்தான். டாக்டர் கொடுத்த மாத்திரை போட்டால் நாளெல்லாம் தூங்கினான். போடாவிட்டால் ராத்திரியெல்லாம் நடந்தான். தயிர்சாதத்தில் பொடித்துக் கலந்து கொடுத்தாள். ஒரு நாள் கண்டுபிடித்துவிட்டான். அதிலிருந்து அவள் கையால் எதைக் கொடுத்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுகிறான். முரட்டுத்தனம் வந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொள்கிறோம் என்றார் டாக்டர். சாரங்கபாணி கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். "என் புள்ளைக்கு ஒண்ணும் இல்ல. கல்யாணம் ஆனா சரியாப் போயிடும்," என்றார். சொல்லும்போது அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்சீட்டில் சாயி உட்கார்ந்தான். ஜலஜா பின்னால், உடைந்த கதவுக்குப் பக்கத்தில். சீட்டின் இடுக்கிலிருந்து தூள் புடவையில் ஒட்டியது. மாரெட்பள்ளியிலிருந்து ராணிகஞ்ச் போகும் வழியெல்லாம் புகையும் ஹாரனும் அந்த ஓட்டை வழியாக அவள் முகத்தில் அடித்தன. சிக்னலில் நின்றபோது பக்கத்து ஆட்டோவில் இருந்த ஒரு பெண் ஓட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். ஜலஜா தலைப்பால் முகத்தைத் துடைப்பது போல மூடிக்கொண்டாள். சாயி நல்ல உற்சாகத்தில் இருந்தான். புதிதாக வந்திருக்கும் கடைகளின் போர்டுகளை உரக்கப் படித்துக்கொண்டே வந்தான்.

கண்ணாடிக்கடை காஜா பாய்க்கு உமாசங்கரை இப்போது நன்றாகத் தெரிந்துவிட்டது. வண்டி நின்றதுமே கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். "ஃபிர்சே? மறுபடியுமா? கைக்கு சாப் ஏ இச் டூட்தா? எப்பவும் இந்தக் கதவு மட்டும் ஏன்?" என்று பாதி உருதுவிலும் பாதி தமிழிலுமாகக் கேட்டார். அந்தக் கடைத் தெருவில் எல்லாருக்கும் எல்லாப் பாஷையும் கொஞ்சம் கொஞ்சம் வரும்.

"கிரிக்கெட் பால் பாய்," என்றான் உமாசங்கர்.

"இல்ல. நான்தான் உடைச்சேன்," என்றான் சாயி.

காஜா பாய் பலமாகச் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்காததைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டார். ஜலஜாவின் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, திருப்புளியை எடுத்துக்கொண்டு கதவுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடியைக் கழற்றினார். உள்பக்கத்து அட்டையை நெம்பி எடுத்தார். கதவின் வயிற்றுக்குள் கை விட்டு அள்ளி அள்ளித் தூளை வெளியே போட்டார். போன தடவை உடைந்ததில் கொஞ்சம் இன்னும் உள்ளேயே தங்கியிருந்தது. ஜலஜா கடைவாசல் ஸ்டூலில் உட்கார்ந்து, மகன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கு போனாலும் இப்போதெல்லாம் அவள் பார்ப்பது அவன் கையைத்தான். பக்கத்தில் என்ன இருக்கிறது, கைக்கு எட்டுமா, கனமா.

சாயி காஜா பாயின் அருகில் குந்தி உட்கார்ந்து கதவின் உள்பக்கத்தை ஆர்வமாகப் பார்த்தான். புதுக் கண்ணாடியைக் காகிதம் பிரித்து எடுத்ததும் காஜா பாய் வேறு நினைப்பில்லாமல், "பேட்டா, ஜரா பகட்," என்று அவனிடமே நீட்டினார், சற்றுப் பிடித்துக்கொள்ள.

ஜலஜா எழுந்துவிட்டாள். உமாசங்கர் ஒரு அடி முன்னால் வைத்தான். சாயி இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டான். விரல் ரேகை படாமல் ஓரங்களில் மட்டும் பிடித்தான். சொன்ன பக்கம் சாய்த்து, சொன்ன இடத்தில் நிறுத்தி, மெல்ல மெல்லக் கதவின் பிளவுக்குள் இறக்கினான். கீழே இருந்து காஜா பாய் திருகாணியை முடுக்கும் வரைக்கும் அசையவில்லை. முடிந்ததும் கைப்பிடியை அவனே சுற்றிப் பார்த்தான். கண்ணாடி ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. நெற்றி வியர்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டு அவன் இருந்த இருப்பைப் பார்த்த ஜலஜா, சரியாகிவிடுவான் என்று அந்த நிமிஷம் உண்மையாகவே நம்பினாள்.

உமாசங்கருக்கும் அதே போல ஏதோ தோன்றியிருக்க வேண்டும். சாயிக்குப் பக்கத்தில் குனிந்து, சிநேகமாகக் கேட்டான். "சாய், ஒண்ணு கேட்டா சொல்வீங்களா? வண்டியில நாலு கதவு இருக்கு. எதுக்கு எப்பவும் இந்தக் கண்ணாடி?"

இத்தனை நாளில் யாரும் அவனிடம் அதைக் கேட்டதில்லை. ஜலஜா கேட்டதில்லை. ஏண்டா, ஏண்டா என்று அழுதிருக்கிறாளே தவிர, பதிலுக்குக் காத்திருந்ததில்லை.

"இது பாப்பா உக்கார்ற பக்கம்," என்றான் சாயி.

"ஆமா."

"கண்ணாடி மூடியிருந்தா உள்ள காத்து இருக்காது. மூச்சு முட்டும். கூப்பிடுது. உங்களுக்குக் கேக்கல. எனக்குத்தான் கேக்குது."

"அப்ப பாப்பா வண்டிக்குள்ள இல்லையே சாய். மேல வீட்ல இல்ல இருந்தா?"

சாயி பொறுமையாகத் தலையை ஆட்டினான், விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறவன் போல. "இருந்துச்சு. இன்னிக்கும் இருந்துச்சு. அதான் உடைச்சேன். இப்ப வெளிய வந்துடுச்சு."

காஜா பாய் கதவு அட்டையைத் தட்டிப் பொருத்திக்கொண்டிருந்தார். உமாசங்கர் நிமிர்ந்தான். அவன் என்ன நினைக்கிறான் என்று ஜலஜாவுக்குத் துல்லியமாகத் தெரிந்தது, ஏனென்றால் அவளும் அதையேதான் நினைத்தாள். ஒரு நாள் குழந்தை நிஜமாகவே அந்த சீட்டில் உட்கார்ந்திருக்கும். கண்ணாடி மூடியிருக்கும். இவன் கல்லை எடுத்துக்கொண்டு காப்பாற்ற ஓடி வருவான்.

திரும்பி வரும்போது சாயி பின்சீட்டில், புதுக் கண்ணாடிக்குப் பக்கத்தில், அதை இறக்கிவிட்டுத் தூங்கிப் போனான். ஜலஜா முன்னால் உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம் யோசித்து, கடைசியில் கேட்டாள்.

"தம்பி, அந்தக் கண்ணாடியை எப்பவும் இறக்கியே வெச்சிட்டா என்ன? மழை வந்தா நான் தார்ப்பாய் போட்டு மூடறேன். ராத்திரி வேணா நானே பக்கத்துல..." சொல்லச் சொல்ல அது எவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கிறது என்று அவளுக்கே புரிந்தது.

உமாசங்கர் ரோட்டைப் பார்த்தபடியே வண்டியை ஓட்டினான். "ஆன்ட்டி, தப்பா நினைச்சுக்காதீங்க. கூகட்பள்ளில ஒரு ஃபிளாட் பாத்திருக்கோம். ஆபீசுக்கும் கிட்ட. நித்யா ரொம்ப நாளாவே சொல்லிட்டு இருந்தா. நான்தான் தள்ளிப் போட்டுட்டே வந்தேங்க."

"ஹவ் தம்பி, சரிதான்," என்றாள் ஜலஜா. "போகத்தான் வேணும். நானா இருந்தாலும் போயிருப்பேன்."

"சாய்க்கு நல்ல டாக்டரா..."

"பாக்கறோம் தம்பி."

அடுத்த வாரங்களில் அவன் காரை வீட்டுக்குள் கொண்டுவரவில்லை. இரண்டு தெரு தள்ளி யாரோ நண்பன் வீட்டில் விட்டான். சாயி காம்பவுண்டுக்குள் காலி இடத்தைப் பார்த்துவிட்டு, தெருத் தெருவாக வண்டியைத் தேடி நடந்தான். அவன் பின்னால், சற்று இடைவெளி விட்டு, ஜலஜா நடந்தாள். வழியில் நிற்கிற ஒவ்வொரு காரின் பின்சீட்டையும் கண்ணுக்குப் பக்கத்தில் கை வைத்து மறைத்து அவன் எட்டிப் பார்ப்பான். யாராவது அதட்டினால் அவள் ஓடிப் போய், "திருடன் இல்லீங்க, என் புள்ளைதான், உடம்பு சரியில்ல," என்று தெலுங்கில் கெஞ்சுவாள்.

சாமான் லாரி முன்னால் போய்விட்ட ஞாயிற்றுக்கிழமை, உமாசங்கர் கடைசியாகச் சாவி கொடுக்கக் காரோடு வந்தான். கேட்டுக்கு வெளியே நிறுத்தி, என்ஜினை அணைக்காமல் இறங்கினான். உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. நித்யஸ்ரீ முன்சீட்டில். பின்னால், இடது பக்கத்தில், பூர்ணா. கண்ணாடிகள் எல்லாம் ஏற்றியிருந்தன.

ஜலஜா சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, சாயியின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சாரங்கபாணி, "போய்ட்டு வாப்பா, ஃபோன் பண்ணு," என்று உமாசங்கரின் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனார்.

பூர்ணா கண்ணாடியில் உள்ளங்கையை அப்பிக்கொண்டு எதையோ சொன்னாள். டாட்டா என்றுதான் சொல்லியிருப்பாள். வாய் அசைந்தது, சத்தம் கேட்கவில்லை.

"அம்மா," என்றான் சாயி. "அம்மா, விடு. கூப்பிடுது."

"டாட்டா சொல்றாடா. வேற ஒண்ணும் இல்ல."

"விடும்மா! மூச்சு முட்டுது அதுக்கு!"

அவன் இழுத்த இழுப்பில் அவள் முழங்கால் கேட்டில் இடித்தது. பிடியை விடவில்லை. உமாசங்கர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். வந்து உதவலாமா என்பது போல ஒரு தயக்கம். பிறகு காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினான். வண்டி கிளம்பித் திருப்பத்தில் மறையும் வரைக்கும் அவள் தன் உடம்பின் பாரம் முழுவதையும் மகனின் கையில் தொங்கவிட்டிருந்தாள். அதன் பிறகு அவன் இழுக்கவில்லை. கேட் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு அழுதான். அவள் அவன் தலையைத் தடவினாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகாது என்று சொன்னாள். நம்பாத ஒருவனிடம் எத்தனை தடவைதான் அதைச் சொல்ல முடியும்.

மறுநாள் சாரங்கபாணி மாடிக்கு 'டு லெட்' போர்டு மாட்டினார். வீடு கேட்டு நிறையப் பேர் வந்தார்கள். எல்லாம் சின்னவயது, கழுத்தில் அட்டை, கையில் செல்ஃபோன். தண்ணீர் வசதி, மெயின்டெனன்ஸ் பற்றி அவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே ஜலஜா கேட்டுவிடுவாள், "கார் இருக்கா?" என்று. இருக்கிறது என்பார்கள், உற்சாகமாக. வீடு வேறொருவருக்குச் சொல்லியாகிவிட்டது என்று அவள் பொய் சொல்லி அனுப்பிவிடுவாள். சாரங்கபாணி அதைக் காதில் வாங்கிக்கொண்டேதான் இருந்தார். ஒரு நாள்கூட, ஏன் என்று கேட்கவில்லை.

ஒரு சாயந்திரம் ஸ்கூட்டரில் ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த தமிழ்ப்பெண். வாய் நிறையப் பேசினாள். வீட்டைச் சுற்றிப் பார்த்து, சமையலறை ஜன்னலைத் திறந்து மூடி, பிடித்துப் போய்விட்டது அவளுக்கு.

"கார் இல்லையே உங்களுக்கு?" என்று கேட்டாள் ஜலஜா.

"இல்லைங்கம்மா," என்று சிரித்தாள் அந்தப் பெண். கை தன்னையறியாமல் வயிற்றுக்குப் போனது. "பாப்பா வர்றதுக்குள்ள வாங்கிடணும்னு இவர் ஒத்தைக் கால்ல நிக்கிறாரு. புக் பண்ணியாச்சு. இங்க கீழ நிறுத்திக்கலாம்தானே?"

சாயி வாசலில் நின்று அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வீடு ஒருத்தருக்குச் சொல்லிட்டோம்மா," என்றாள் ஜலஜா.

"அப்ப போர்டு இன்னும் மாட்டியிருக்கீங்களே?"

ஜலஜா ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, அவர்கள் கண்ணெதிரேயே போர்டைக் கழற்ற ஆரம்பித்தாள்.