இரத்தினசிங்கத்தின் எஞ்சின் சத்தம்

கார்த்திகை மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை, இரத்தினசிங்கத்தின் எஞ்சின் சத்தம் மட்டும் திருகோணமலைக்குப் பக்கத்துச் சல்லிக் கரைக்கு வந்து சேர்ந்தது. மீன்பிடிப் போட்டும் வரவில்லை, ஆளும் வரவில்லை. ஐப்பசிக் கடைசியில், கடல் சரியில்லை என்று கரையில் நின்ற எல்லோரும் சொல்லியும் கேளாமல் தனியாகப் போன மனிதர் அவர். நேவிக்காரர் துறைமுக வாசலிலிருந்து புல்மோட்டை வரைக்கும் தேடினார்கள், எங்கள் ஆட்களும் தொழிலை விட்டுவிட்டுத் தேடினார்கள், ஒரு மிதவைகூட அகப்படவில்லை. அப்படியிருக்க, போட்டுகள் வழக்கமாகத் திரும்புகிற நேரத்தில், கோணேசர் மலைப் பக்கமிருந்து சத்தம் கிளம்பி, அலையைத் தாண்டி, அவர் எப்போதும் போட்டை ஏற்றுகிற தென்னைக்கு நேராக வந்து அணைந்தது. வலை தட்டிக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்காமலே, "சிங்கத்தார் வந்திட்டார்" என்றார்கள். பிறகுதான் தலையைத் தூக்கி, தண்ணீர் வெறுமையாகக் கிடப்பதைக் கண்டார்கள்.

அந்தச் சத்தத்தை வேறொன்றாக நினைக்க வழியில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓர் அடியை விழுங்கிவிட்டு, விழுங்கியதை மறைக்கிறவன் மாதிரி அவசரமாக மறுபடி ஓடும் எஞ்சின் இந்தக் கரையில் அது ஒன்றுதான். எங்கள் பெண்களுக்குத் தங்கள் மனிதரின் எஞ்சினைத் தெரியாவிட்டால் குடும்பம் நடத்த முடியாது. சத்தம் மலை முனையைக் கடக்கும்போதே குசினியில் தேத்தண்ணிக் கேத்தில் அடுப்பில் ஏறிவிடும். மனிதர் போட்டை ஏற்றி, மீனைக் கொடுத்து, கால் கழுவி வந்து கதிரையில் இருக்கும்போது தேத்தண்ணி ஆவி பறக்க முன்னால் இருக்கவேண்டும். பிந்தினால் அன்றைய நாள் முழுக்கச் சண்டைதான். இது பழங்காலத்து வழக்கமொன்றும் இல்லை, எஞ்சின்கள் வந்த பிறகு வந்ததுதான், ஆனாலும் ஒருத்தியும் தவறுவதில்லை. இரத்தினசிங்கத்தின் மனைவி ஜெயரூபி, பதினெட்டு வருடமாகத் தவறாதவள், அந்தப் புதன்கிழமை தவறினாள். சத்தம் கேட்டவுடன் கேத்திலை மறந்தாள், செருப்பை மறந்தாள், தலைமுடி அவிழ்ந்து விழக் கரைக்கு ஓடினாள். சத்தம் அணைந்த இடத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, எதையோ விழுத்திவிட்டவள் போல இரண்டு கைகளாலும் துழாவினாள். மறுநாளும் சத்தம் வந்தது. அதற்கு அடுத்த நாளும் வந்தது.

அது மருந்து என்பதை முதலில் கண்டவள் இரத்தினசிங்கத்தின் தங்கை பிரசாந்தி. அவளுக்கு வலது கை தோளுக்கு மேலே எழும்பாமல் இரண்டு வருடம். அண்ணனின் சத்தத்தைக் கேட்டு மணலில் விழுந்து அழுதவள், அழுது முடித்து எழும்பிக் கொண்டை கட்டினாள். கட்டி முடித்த பிறகுதான், எந்தக் கையால் கட்டினேன் என்று திகைத்துப் பார்த்தாள். கிண்ணியாவிலிருந்து நஜ்முன் நிஸா என்ற டீச்சர் தலையிடியோடு வந்து பசியோடு திரும்பிப் போனார். 2006 சண்டையில் சம்பூரை விட்டு ஓடிய நாளிலிருந்து ஒழுங்காகக் கண்மூடாத கதிரவேல், காணி திரும்பக் கிடைத்தும் உறக்கம் திரும்பக் கிடைக்காதவர், சத்தம் அணைவதற்குள் மணலில் சரிந்து குறட்டை விட்டார். வெயில் ஏறியபோது, எழுப்ப மனமில்லாமல் ஆட்கள் அவருக்கு மேலே கிடுகால் ஒரு நிழல் கட்டிவிட்டுப் போனார்கள். உடைந்த எலும்புக்கும் சீனி வருத்தத்துக்கும் அது கேட்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். டொக்டர்மார் படம் பிடித்துப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிற நோவுகள்தான் போயின, அந்த வகை நோவுக்கு எங்கள் மாவட்டத்தில் பஞ்சமா என்ன. தை பிறக்க முன்னரே திருகோணமலை பஸ் நிலையத்தில் கொண்டக்டர்மார் "சல்லி, எஞ்சின், எஞ்சின்" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். இறால் வடை வண்டியும் வந்தது. டவுனில் ஓர்ஸ் ஹில் கந்தோரொன்றில் கிளாக்கர் வேலை பார்க்கும் ஒருவர் கெட்டிக்காரத்தனமாகச் சத்தத்தைப் போனில் பிடித்துக்கொண்டுபோய் வீட்டில் போட்டுப் பார்த்தார். அலையும் வடைக்காரன் குரலும்தான் இருந்தன.

ஜெயரூபிக்கும் சுகம் வந்தது. அதுதான் கேடாய்ப் போயிற்று. மாசியில் ஒருநாள், குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. அதுவரைக்கும் உப்பும் புளியும் தெரியாமல் விழுங்கிக்கொண்டிருந்தவள். பிறகு, படுத்தவுடன் உறங்கினாள். நெஞ்சுக்குள் கிடந்த நோ, பாவிக்கப் பாவிக்கத் தேயும் சவர்க்காரம் போல நாளுக்கு நாள் சிறுத்தது. நல்லதுதானே என்றது ஊர். ஒரு காலை முற்றம் கூட்டிக்கொண்டிருந்தபோது, படலையைத் திறந்துகொண்டு வரும்போது அவர் தன்னை எப்படிக் கூப்பிடுவார் என்று நினைத்துப் பார்த்தாள். முழுப் பேரா, பாதிப் பேரா, குரல் ஏறுமா இறங்குமா, ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை. நோவோடு சேர்ந்து அதுவும் போயிருந்தது. விளக்குமாற்றைப் போட்டுவிட்டு அழ முயன்றாள், கண்ணீரும் வரவில்லை. அடுத்த நாளிலிருந்து, போட்டுகள் திரும்பும் நேரத்தில் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்து, கதவைச் சாத்தி, தலையணையால் தலையை அழுத்திக்கொண்டு கிடந்தாள். அந்த மனிதரில் அவளுக்கு மிச்சமிருந்தது அந்தச் சத்தம்தான். அதைக் கேட்க அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பது பக்கத்து வீட்டாருக்குத் தெரியும்; ஒரு நாள் தலையணை உறையைப் பல்லாலேயே கிழித்திருந்தாள்.

"ஊரெல்லாம் பஸ் ஏறி வந்து கேக்குது. நீங்கள் கட்டின மனுசன்ர சத்தத்துக்குக் காதைப் பொத்துறீங்களோ மச்சாள்?" என்று பிரசாந்தி ஏசினாள்.

"எனக்குச் சுகம் வேண்டாம் பிரசாந்தி. சுகம் வந்தா அவர் முழுசாப் போயிடுவார்" என்றாள் ஜெயரூபி.

பங்குனியில் ஒரு பின்னேரம் கிண்ணியாவிலிருந்து ஸுஹைர் வந்தார். இந்தப் பக்கத்துப் போட் எஞ்சின்களில் பாதி அவர் கை பட்டவை. காலையிலேயே வந்து சத்தத்தைக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வரத் தைரியமில்லாமல் நாள் முழுக்க வடை வண்டியடியில் நின்றிருக்கிறார்.

"தங்கச்சி, அந்த முழுங்கல் என்ட பிழை" என்றார். "மண்ணெண்ணெய்க்கு வரிசையில நிண்ட காலம், கடையில சாமான் ஒண்டும் இல்ல. வேற எஞ்சின்ல கழட்டின வளையம் ஒண்டைப் போட்டுவிட்டன். அளவு பிழைச்சுப் போச்சு. சரியான சாமான் வந்த உடனே கூப்பிட்டன், வாங்க மாத்தித் தாறன் எண்டு."

"அவர் வரேல்லையோ, ஸுஹைர் நானா?"

"வந்தவர். வந்து, மாத்த வேண்டாம் எண்டுட்டார். இந்தச் சத்தம் மாறினா நான் வாறது என்ர மனுசிக்கு விளங்காது, தேத்தண்ணி பிந்திப் போகும் எண்டார்."

ஸுஹைர் போன பிறகு ஜெயரூபி குசினிக்குள் போய், அடிகறுத்த கேத்திலைக் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். சத்தம் வரத் தொடங்கிய நாளிலிருந்து அந்த நேரத்துக்கு அந்த வீட்டில் ஒரு தேத்தண்ணி வைக்கப்படவில்லை. முதலில் கரைக்கு ஓடினாள், பிறகு காதைப் பொத்தினாள். இத்தனை மாதமாக ஒரு மனிதர், வருகிறேன் என்று சொல்லிச் சொல்லி, அடுப்பு மூட்டாத வீட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்திருக்கிறார். அவளுக்குத் தன்மேல் வந்த கோபம் கொஞ்சமில்லை.

மறுநாள் அவள் காதில் பஞ்சு அடைக்கவில்லை, கரைக்கும் போகவில்லை. பயம் இருந்தது, இன்றைக்குக் கேட்டால் மிச்சமிருக்கும் நோவும் போய்விடலாம், முகமும் மறந்துவிடலாம். சத்தம் மலை முனையைக் கடந்ததும் கேத்திலை அடுப்பில் வைத்தாள். கரையில் பஸ்ஸில் வந்தவர்கள் கண்ணை மூடி நின்றார்கள். எஞ்சின் ஓடியது, விழுங்கியது, ஓடியது, தென்னைக்கு நேராக அணைந்தது. அவள் இஞ்சி தட்டிப் போட்டு, இரண்டு கோப்பையில் ஊற்றினாள். போட்டை ஏற்றி மீனைக் கொடுக்கிற அளவுக்கு நேரம் போனது. பிறகு படலைக்கு வரும் ஒழுங்கையில் ஈரச் செருப்பு மணலில் இழுபடும் சத்தம் கேட்டது. வாளித் தண்ணீர் காலில் விழும் சத்தம் கேட்டது. படலையடியில் யாரும் தெரியவில்லை.

"ரூபியேய்" என்றது குரல். பாதிப் பேர்தான். கீழேயிருந்து ஏறி, கடைசியில் நீண்டது. "வெச்சிட்டியோ?"

அவளுடைய நோ, போன இடத்திலிருந்து அப்படியே திரும்பி வந்து நெஞ்சில் பழைய இடத்தில் உட்கார்ந்தது. அவள் சத்தம் போட்டு அழுதாள், மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள், தேத்தண்ணியைக் கதிரைக்கு முன்னால் வைத்தாள். கதிரை கிறீச்சிட்டது. எதிரே நிலத்தில் இருந்துகொண்டு, "சீனி இவ்வளவு காணுமோ?" என்று கேட்டாள்.

"ஓம்" என்ற பிறகு உறிஞ்சும் சத்தம் கேட்டது.

எஞ்சின் இன்றைக்கும் வருகிறது. கரையில் ஆட்களுக்கு நோ போகிறது, ஜெயரூபிக்குப் போவதில்லை, அவள் அதைப் பற்றி யாரிடமும் முறையிட்டதும் இல்லை. மீன் விலையும் தேயிலை விலையும் கூடியிருக்கின்றன. காலையில் அந்த வீட்டுக்குப் போகிறவர்கள் இப்போது பாயில்தான் இருக்கிறார்கள், கதிரையில் ஆள் இருக்கிறபடியால்.