மீண்டும் கேட்க ஒன்பது

ஒரு நிறுவனத்தின் தலைவிதியை நிர்ணயிக்கும் முடிவு வரலாற்றில் ஒரே ஒருமுறைதான் எடுக்கப்படுகிறது என்று மேனேஜர் கூட்டத்தைத் தொடங்கினார். அந்த முடிவை எடுக்கவிருந்த மேசைக்கு ஒரு கால் குட்டை. அடியில் பழைய டெலிபோன் டைரக்டரியை முட்டுக்கொடுத்திருந்தார்கள்.

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி அது. போன் செய்தால், லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் ஒன்றை அழுத்த வேண்டும். மற்றப் புகார்களுக்கு இரண்டு. மீண்டும் கேட்க ஒன்பது. இதைச் சொல்லிவந்த இயந்திரம் சாகக் கிடந்தது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற, யார் வேண்டுமானாலும் பிரித்து மாற்றிக்கொள்ளக்கூடிய மூன்று மென்பொருள்களை ஒப்பிட்டு, மதிப்பெண் போட்டுக் கொண்டுவந்திருந்தான் வயர். டெக்னீஷியனை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

"ஓசியில கிடைக்கறதுக்கு எதுக்குப்பா மூணு? ஏதாவது ஒண்ணை எடு," என்றார் மேனேஜர். "குரல் நானே குடுத்துடறேன். கம்பெனின்னா ஒரு கம்பீரம் வேணும்ல."

"உங்க குரலைக் கேட்டா, மாட்டிக்கிட்டவன் நான் உள்ளயே இருந்துக்கறேன்னுடுவான் சார்," என்றார் கணக்குப் பார்க்கும் அக்கா, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

வயரும் சிரிக்கவில்லை. இயந்திரத்தில் இருந்தது நான்கு வருடங்களுக்கு முன் வரவேற்பில் உட்கார்ந்திருந்தவளின் குரல். ஸ்டோர் ரூமில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே, அவன்தான் மைக்கைப் பிடித்திருந்தான். அவள் 'மீண்டும் கேட்க' என்னும்போது அவன் நாற்காலி கிரீச்சிட்டது. 'ஒன்பதை அழுத்தவும்' என்பதன் நுனியில் அவள் அடக்கிய சிரிப்பு லேசாக ஒட்டிக்கொண்டது. திரும்பப் பதியலாமா என்று கேட்டான். "இருக்கட்டும், இதையெல்லாம் யாரு கவனிக்கப் போறா?" என்றாள். அடுத்த மாதம் வேறு வேலைக்குப் போய்விட்டாள். அவளுடைய எண் அவனிடம் இருந்தது. அதில் கூப்பிட்டால் இவன் பேச வேண்டும். இதில் அவளே பேசுவாள்.

பழைய இயந்திரத்தின் பதிவுகளைத் திறக்கத் தெரிந்தது மூன்றாவது மென்பொருளுக்கு மட்டும்தான். நிறுவுவதற்குள் உயிரை வாங்கக்கூடியதும் அதுதான். அதற்குப் பத்துக்குப் பத்து போட்டிருந்தான்.

"பழசுல இருக்கற குரலையே போட்டுக்கலாம் சார். புதுசா பதியற வேலை மிச்சம்," என்றான். மேனேஜரின் முகம் தொங்கியது. அவசரமாக ஒரு தூண்டிலைப் போட்டான்: "அதோட, எந்த நம்பர்லேருந்து கூப்பிட்டாங்க, எதை அழுத்தினாங்கன்னு வாராவாரம் ரிப்போர்ட் வரும்."

"யாருக்கு?"

"உங்களுக்கு மட்டும்."

கம்பீரம் அத்துடன் முடிந்தது. மூன்றாவது ஏகமனதாகத் தேர்வானது. பதினொரு நாள் மல்லாடி வயர் அதை ஓடவைத்தான். அவள் மறுபடி பேசினாள்; நாற்காலியும் கிரீச்சிட்டது.

அடுத்த திங்கட்கிழமை, அதே மேசையில், மேனேஜர் முதல் ரிப்போர்ட்டை மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார்.

"யாரோ ஒருத்தர் நாப்பத்தொரு தடவை கூப்பிட்டிருக்கார். எல்லாத் தடவையும் ஒன்பது. ஒண்ணையும் அழுத்தலை, ரெண்டையும் அழுத்தலை. பாவம், காது கேக்காதவரோ என்னவோ. யாருன்னு பாருப்பா வயர். நம்பர் வேற ரொம்பச் சின்னதா இருக்கு."

அக்கா எட்டிப் பார்த்தார். பிறகு வயரைப் பார்த்தார்.

எண் பதினேழு. அது வயரின் மேசைப் போன்.