சாரல் காற்றில் ஒரு சண்டை விமானம்

தென்காசியில் ரேடியோவும் கடிகாரமும் பழுது பார்க்கும் கடை வைத்திருந்த ஆதித்தனுக்கு, 1964ஆம் வருடத்து ஆனி மாதம் முழுக்க ஒரே கவலைதான். அவனுடைய விமானம் அவன் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

விமானம் என்றால் ஆள் ஏறுகிற விமானம் இல்லை. பால்சா என்கிற, தக்கை போன்ற மரத்தில் செய்து, மெல்லிய தாள் ஒட்டி, வார்னிஷ் பூசியது. இறக்கை ஒரு கஜ நீளம். மூக்கில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு டீசல் எஞ்சின். இடது இறக்கையிலிருந்து புறப்படும் இரண்டு எஃகுக் கம்பிகள், பொட்டல் நடுவே நிற்பவன் கையிலுள்ள கைப்பிடியில் வந்து முடியும். கைப்பிடியை மேலே சாய்த்தால் விமானம் ஏறும், கீழே சாய்த்தால் இறங்கும். மற்றபடி அவனைச் சுற்றிச் சுற்றிப் பறக்கும், அவனும் கூடவே சுற்ற வேண்டும். சண்டை என்று வந்தால் இரண்டு பேர் ஒரே இடத்தில் நின்று, தங்கள் விமானங்களின் வாலில் நீளமான காகித நாடாவைக் கட்டிப் பறக்கவிடுவார்கள். எதிராளியின் நாடாவைத் தன் விமானத்தின் மூக்கில் சுழலும் விசிறியால் வெட்டுகிறவனுக்கு ஜெயம்.

எதிராளி வேறு யாருமில்லை, மனைவி முத்துவடிவின் அண்ணன் சங்கரநாராயணன்தான். புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் மண்டி வைத்திருந்தார். சரக்கு விஷயமாக மெட்ராஸ் போனவர் அங்கே இந்தச் சண்டையைப் பார்த்து மயங்கி, எஞ்சின் இரண்டு வாங்கிவந்து, ஒன்றை மாப்பிள்ளைக்குக் கொடுத்தார். சும்மா கொடுக்கவில்லை, தோற்கடிக்க ஓர் ஆள் வேண்டுமே. போன வருடம் இரண்டாவது சுற்றிலேயே ஆதித்தனின் நாடாவை நறுக்கிவிட்டு, அதைக் கல்யாண வீடு, சடங்கு வீடு என்று ஒரு பந்தி விடாமல் சொல்லிச் சிரித்தார்.

இந்தத் தடவை விடக்கூடாது என்று ஆதித்தன் விமானத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தான். அதற்கு மூக்குப் பாரம் அதிகம். கைப்பிடியைச் சாய்த்தால் யோசித்து யோசித்துத்தான் திரும்பியது. பாரத்துக்காக மூக்கில் வைத்திருந்த ஈயத்தை எடுத்தான். மறுநாள் காலை பொட்டலில் முத்துவடிவு விமானத்தைத் தரையிலிருந்து விட்டாள். அது எழுந்தது, துள்ளியது, குப்புற வந்து மண்ணில் குத்தியது. விசிறி இரண்டு துண்டாகிவிட்டது.

"மொதல்ல எருமை மாதிரி நின்னுச்சு. இப்பம் கன்னுக்குட்டி மாதிரி துள்ளுது" என்றாள் முத்துவடிவு, துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே. "ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு இல்லியா?"

வேறு விசிறி மாட்டி, எடுத்த ஈயத்தில் பாதியைத் திரும்ப வைத்தான். துள்ளல் நின்றது, ஆனால் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாரல் ஈரத்தில் வலது இறக்கை முறுக்கிக்கொண்டிருப்பதை அப்போதுதான் கண்டான். அதை ஆவியில் காட்டி நிமிர்த்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் முத்துவடிவு இட்லிக் கொப்பரையின் மூடியைத் திறந்த நேரத்தில் இறக்கையோடு அடுப்படிக்குள் நுழைந்தான்.

"இட்லி வெந்துரட்டும், பொறுங்க."

"இட்லி நாளைக்கும் வேகும். சண்டைக்கு நாள் கிடக்கா?"

அன்று இட்லி அரைவேக்காடு. இறக்கை மட்டும் பதமாக வந்தது.

மிச்சம் இருந்தது காற்று. கணவாய் வழியாக வருகிற சாரல் காற்று எதிரே நிற்கும் ஆளையே தள்ளும், தாள் இறக்கை எந்த மூலைக்கு? காற்றை எதிர்த்து வரும்போது விமானம் உள்ளே ஒதுங்கிவிடும், கம்பி தொய்யும், அதன்பிறகு கைப்பிடியை ஆட்டி என்ன பிரயோசனம். வெளிப்பக்க இறக்கையின் நுனியில் ஒரு தூண்டில் ஈயத்தைப் பதித்தான். கம்பி வெளிவரும் துளையை ஒரு விரற்கடை பின்னுக்குத் தள்ளினான். அதன்பிறகு கம்பி வீணைத் தந்தி மாதிரி விறைப்பாக நின்றது. எஞ்சினுக்கு ஊற்றுகிற மண்ணெண்ணெயிலும் ஈதரிலும் விளக்கெண்ணெய் கலந்திருக்கும். அது தெறித்து, அவன் சட்டையெல்லாம் பிரசவ வீட்டு வாடை அடித்தது.

விமானம் சரியாகிவிட்டது. ஆள்தான் சரியாகவில்லை. ஏழெட்டுச் சுற்றுக்குமேல் ஆதித்தனுக்குத் தலை கிறுகிறுத்தது. ஒருநாள் விமானம் தலைக்குமேல் சீறிக்கொண்டிருக்கும்போதே பொட்டல் சாய்ந்தது, கால் பின்னியது.

"ஏட்டி, ஓடி வா. இதப் பிடி."

முத்துவடிவு கம்பிக்கு அடியில் குனிந்து ஓடிவந்து கைப்பிடியை வாங்கினாள். அவன் மண்ணில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான். விழுகிற சத்தத்தை எதிர்பார்த்தான். சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது விமானம் மேலே ஒரு குட்டிக்கரணம் போட்டு, தரையைத் தொடுவதுபோல் இறங்கி, மறுபடி ஏறிக்கொண்டிருந்தது. எண்ணெய் தீர்ந்து எஞ்சின் நிற்கும்வரை ஓட்டி, மெத்தென்று இறக்கினாள்.

"ஒனக்குத் தலை சுத்தலியா?"

"நீங்க தரையப் பாக்கிய. நான் அதையே பாத்தேன், அதான்." பிறகு கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தாள். "இதுல ரெண்டு கம்பியும் ரொம்பத் தள்ளி இருக்கு. கை லேசா ஆடுனாலே அதுவும் ஆடுது. கிட்டக் கொண்டுவாங்க."

கிட்டக் கொண்டுவந்தான். அவள் கையில் அது இன்னும் அழகாகத் திரும்பியது. ஆதித்தனுக்குச் சந்தோஷமாக இருந்தது, வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. தான் செதுக்கி, தான் ஒட்டி, தான் ஆவி காட்டிய விமானம். ரெண்டு நாள் அவளிடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கடையில் ஆள் இல்லாத மத்தியான நேரத்தில், கிறுகிறுப்பைப் பழக்கிவிடலாம் என்று தனியாகச் சுற்றிப் பார்த்தான். பத்தாவது சுற்றில் மேசைமேல் போய் விழுந்தான். காலையில் அடிக்கவே மாட்டேன் என்கிறது என்று கோமதியம்மாள் கொடுத்துவிட்டுப் போன அலாரம் கடிகாரம் தரையில் உருண்டு, கணகணவென்று அடிக்க ஆரம்பித்தது. அதை அணைக்க எழுந்திருக்க முடியாமல் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே கிடந்தான்.

அன்று சாயங்காலம், "சண்டைக்கு நீயே ஓட்டு" என்றான்.

முத்துவடிவு அரிசி களைந்துகொண்டிருந்தாள். "நானே கேக்கணும்னுதான் இருந்தேன்" என்றாள்.

ஆடி முதல் ஞாயிறு. சங்கரநாராயணன் எலுமிச்சை மூட்டை ஏற்றிய லாரியிலேயே வந்து இறங்கினார், கைதட்டுவதற்கு மண்டி ஆட்களையும் ஏற்றிக்கொண்டு. டிரைவர் பரீதுதான் நடுவர், அவர் கையில் ஒரு விசில்.

"தங்கச்சி எதுக்குக் கைப்பிடிய வச்சிருக்கா?"

"அவதான் ஓட்டுதா, மச்சான்."

"வெளையாடாதிய மாப்ளே. கம்பி பட்டா கைய அறுத்துரும்."

"அண்ணே, ஒங்களுக்கும் கைதான இருக்கு?" என்றாள் முத்துவடிவு, முந்தானையை இழுத்துச் செருகியபடி.

பரீது விசில் ஊதினார். இரண்டு எஞ்சினும் ஊரைக் கூட்டின. சங்கரநாராயணன் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. எடுத்த எடுப்பில் தங்கையின் நாடாவை நோக்கிப் பாய்ந்தார். அவள் சட்டென்று தாழ்த்தினாள், அவருடைய விமானம் வெறுங்காற்றை வெட்டிக்கொண்டு போயிற்று. இருவரும் தோளோடு தோள் உரசிச் சுற்றினார்கள். கம்பிகள் குறுக்கே வந்தபோது முத்துவடிவு அண்ணனின் கைக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் எழுந்தாள். அவரால் அப்படியெல்லாம் குனிய முடியாது, தொப்பை இடிக்கும்.

"ஏட்டி, என் கால மிதிக்கியே."

"தள்ளி நில்லுங்க, அண்ணே."

ஆதித்தன் பொட்டலின் ஓரத்தில் நின்று, தன்னை அறியாமல் மணிக்கட்டை மேலும் கீழும் சாய்த்துக்கொண்டிருந்தான். அவன் சாய்த்தபோதெல்லாம் விமானமும் திரும்பியது, இல்லை, அவள் திருப்பிய பக்கமே அவன் கையும் போயிற்று. அப்போது அவள் கைப்பிடியை முழுக்கச் சாய்த்தாள். விமானம் சின்னஞ்சிறு வட்டமடித்து அண்ணனின் விமானத்தின் வாலுக்குப் பின்னால் வந்தது. சர்ரென்று ஒரு சத்தம். அண்ணனின் சிவப்பு நாடா துண்டு துண்டாகச் சாரல் காற்றில் பறந்து, மண்டி ஆட்களின் தலைமேல் விழுந்தது. யார் பக்கம் கைதட்ட வந்தோம் என்பதை மறந்து அவர்கள் கைதட்டினார்கள்.

நாடா போனது தெரியாமல், தப்பிக்கிற அவசரத்தில் சங்கரநாராயணன் காற்றுக்கு எதிராக ஏற்றினார். கம்பி தொய்ந்தது. விமானம் ஒருகணம் அந்தரத்தில் தயங்கி, லாரியிலிருந்த மூட்டைகளுக்குள் போய்ச் செருகிக்கொண்டது. பரீது ஏறிப் பார்த்தார். நாலைந்து பழங்கள் நறுக்கினதுபோலப் பிளந்து கிடந்தன.

"உப்பு இருந்தா ஊறுகாயே போட்டுரலாம், மொதலாளி."

சங்கரநாராயணன் அவரை முறைத்தார். பிறகு தங்கையைப் பார்த்தார். முகத்தில் எண்ணெய் தெறித்து, கொண்டை அவிழ்ந்து, அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

விளக்கெண்ணெய்ப் பிசுக்கைப் போக்க எல்லாரும் அதே லாரியில் குற்றாலம் போனார்கள். அருவியில் நெடுநேரம் தலையைக் கொடுத்து நின்ற சங்கரநாராயணன், துவட்டிக்கொண்டே ஆதித்தனிடம் வந்தார்.

"மாப்ளே, மதுரையில காலேஜ் பயலுக சில பேரு இதே வெளையாட்டு ஆடுதானுவளாம். கார்த்திகையில ஒரு போட்டி இருக்கு. நாம போவோம். லாரி என்னுது, விமானம் ஒங்களுது, ஓட்டுறது தங்கச்சி."

பெண்கள் பக்கத்திலிருந்து ஈரத் தலையோடு வந்த முத்துவடிவின் காதில் அது விழுந்தது.

"அங்க காத்து எப்படி, அண்ணே?"

"மதுரையில ஏதுட்டி காத்து? இலை அசையாது."

"காத்தே இல்லாம பறக்கவிட்டா அதுல என்ன இருக்கு?" என்றாள் அவள். ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆதித்தன் அதற்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டான். காற்று இல்லாத ஊர் என்றால் இறக்கை நுனி ஈயத்தில் கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாமே என்று, ஈரப் பாறையில் விரலால் ஓர் இறக்கையை வரைந்துகொண்டிருந்தான்.