அனீஸா கொழும்புக்குப் போகவில்லை

சீதா தன் தலைமுடியைப் பிடுங்கத் தொடங்கி மூன்று வாரமாகியிருந்தது. வலது காதுக்கு மேலே உள்ளங்கையளவு வழுக்கை. சோறு இறங்கவில்லை. பள்ளிச் சீருடையைக் கண்டாலே நடுங்கினாள். வயது பதின்மூன்று, பேச்சும் படிப்பும் அவளுக்கு மெல்லத்தான் வரும். கண்டியில் ஒரு தமிழ்ப் பாடசாலையின் விசேட கல்விப் பிரிவில் படித்தாள்.

அம்மா பரிமளம் அவளை டாக்டரிடம் காட்டினாள். "இந்த மாதிரிப் பிள்ளைங்க அப்படித்தான்" என்று அவர் சத்து மருந்து எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் பதினொரு மணிக்கு, பரிமளம் வேலை செய்யும் புடவைக் கடைக்கு, சீதாவின் வகுப்பு யசோதா டீச்சர் ஃபோன் எடுத்தாள்.

"அக்கா, சீதா அங்க வந்தாளா?"

"இல்லையே டீச்சர். ஏன்?"

"இன்டர்வலுக்கு அப்புறம் காணோம்."

பரிமளம் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். முதலில் போனது வாவிக்கரைக்கு. ஏன் அங்கே போனோம் என்று நினைக்கவே பயந்தாள். தண்ணீர் அசையாமல் கிடந்தது. மார்க்கெட்டில் இல்லை. ஏதாவது பஸ்ஸில் ஏறியிருந்தால்? குட்ஷெட் பஸ் நிலையத்துக்குள் நுழைந்தபோது மூச்சு முட்டியது.

அங்கே, கொழும்பு பஸ்ஸின் வாசலில் நின்று ஒரு கண்டக்டர் சிங்களத்தில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். உள்ளே சீதா, சீட் சீட்டாகக் குனிந்து எல்லோருடைய முகத்தையும் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"எங்கம்மா போற?" பரிமளம் அவளை இறுக்கிப் பிடித்தாள்.

"அனீஸா கொழும்புல. டீச்சர் சொன்னாங்க. வரவே இல்ல."

பரிமளம் அவளைப் பஸ்ஸை விட்டு இறக்கினாள். அனீஸா வகுப்பில் சீதாவின் பக்கத்துக் கதிரையில் உட்காரும் பிள்ளை. விடுமுறையில் இருதய நோயால் இறந்துபோனாள். டீச்சருக்குத் தெரியும், பரிமளத்துக்கும் தெரியும். இவளுக்கு என்ன விளங்கப்போகிறது என்றுதான் இருவரும் சொல்லவில்லை; கேட்டபோது கொழும்புக்குப் போய்விட்டாள் என்று டீச்சர் சமாளித்திருந்தாள்.

அடுத்த புதன்கிழமை யசோதாவே அவர்களை ஆஸ்பத்திரியில் மனநல ஆலோசனை சொல்லும் உளவளத்துணையாளர் பாலாம்பிகையிடம் கூட்டிப்போனாள். யாழ்ப்பாணத்துக்காரி. அவள் பரிமளத்திடம் எதுவும் கேட்காமல் சீதாவின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"அனீஸா ஏன் போனவ எண்டு நினைக்கிறீங்கள்?"

சீதாவின் விரல்கள் முடிக்குப் போயின.

"கோவம். நான் சிவப்புப் பென்சில் குடுக்கல."

யசோதா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"அம்மாதான் சொல்லோணும்" என்றாள் பாலாம்பிகை தணிந்த குரலில். "தூங்குறா, ஊருக்குப் போயிட்டா எண்டெல்லாம் வேண்டாம். செத்திட்டா எண்டே சொல்லுங்கோ."

"மிஸ், இவ தாங்குவாளா?"

"இப்ப மட்டும் தாங்கிக்கொண்டோ இருக்கிறா?"

பரிமளம் மகளின் இரண்டு கைகளையும் பிடித்தாள். "சீதா, அனீஸாவுக்கு நெஞ்சுல வருத்தம், பெரிய நோய். செத்துப் போயிட்டா. இனி வரமாட்டா. உன்மேல கோவமே இல்ல. பென்சிலால இல்ல."

"வரமாட்டாளா?"

"வரமாட்டா."

சீதா அலறினாள். நிறுத்தாமல் அலறினாள். வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப்பார்த்தார்கள். பரிமளம் பயந்து எழுந்தபோது, பாலாம்பிகை வேண்டாம் என்று தலையசைத்தாள். கடைசியில் சீதா அம்மாவின் மடியில் சாய்ந்து விக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை தெல்தெனியவிலுள்ள அனீஸாவின் வீட்டுக்குப் போனார்கள். அவள் உம்மா வாசலிலேயே சீதாவைக் கட்டிக்கொண்டார். "உங்கட பேரைத்தான் மகள் எந்த நாளும் சொல்லுவா" என்றார். சீதா அந்த வீட்டில் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

திரும்பும் பஸ்ஸில், "அம்மா, நீயும் சாவியா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்த பரிமளம் நிறுத்திக்கொண்டாள்.

"ஒரு நாளைக்கு. இப்ப இல்லம்மா."

சீதா அவள் முகத்தையே பார்த்தாள். ஊர் வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். முடி பிடுங்குவது அடங்க இன்னும் இரண்டு மாதம் ஆயிற்று. ஒரு புதன்கிழமையும் தவறாமல் பாலாம்பிகையிடம் போனார்கள்.