இருபது இஞ்ச் கௌரவம்

மலையுச்சியில் முதல் பனி தெரிந்த நாளிலிருந்து ஜப்பானின் வடக்கே எங்கள் அசாஹிகாவாவில் டயர் கடை வைத்திருக்கும் எல்லோருக்கும் பைத்தியம் பிடித்துவிடும். நேற்று வரை "அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றவர்கள் இன்று காலை ஏழு மணிக்கே பனிக்கால டயர் மாட்ட வரிசையில் நிற்பார்கள். நான் யாச்சி ஹத்சுமி. இருபத்திரண்டு வருடமாக இந்தக் கடையை நடத்துகிறேன். அந்த ஒரு வாரம் மட்டும் என்னிடம் நலம் விசாரித்தால்கூட எரிந்து விழுவேன்.

அப்படி ஒரு நாளில்தான் தொகாஷி முதலாளியின் நீளமான கறுப்புக் கார் வந்து நின்றது. ஊரில் பாதிப் பேர் வீட்டு விசேஷத்துக்கு அவர் கடை மோச்சிதான் போகும். பசையரிசியை அவித்து இடித்துச் செய்யும் அந்தப் பண்டத்தில் மூன்று தலைமுறையாகச் சம்பாதித்த குடும்பம். காரை ஓட்டி வந்தவர் நுகுயி. பதினாறு வருடமாக முதலாளிக்கு டிரைவர்.

"போன வருஷம் போட்ட அதே செட்ட மாட்டிடுங்க யாச்சி-சான். இருபது இஞ்ச். பளபளன்னு இருக்கணும்," என்றார் முதலாளி.

டோக்கியோ நண்பர் ஒருவர் அவருக்குக் கொடுத்த செட் அது. பனிக்கால டயரோடு, கண்ணாடி மாதிரி மின்னும் இருபது இஞ்ச் ரிம். கோடை முழுக்க என் கிடங்கில்தான் இருந்தது.

"டிசம்பர்லேருந்து வேற ஆள் வண்டி எடுத்துட்டு வருவான். நுகுயிக்கு இந்த மாசத்தோட சரி," என்றார் முதலாளி.

"ஏன், உடம்புக்கு முடியலையா?"

"உடம்புக்கென்ன, கல்லு மாதிரி இருக்கான். இறக்கத்துல வண்டிய நிறுத்தத் தெரியல. பிப்ரவரில பனிமேட்டுல கொண்டுபோய் மோதி, எங்க வீட்டம்மா மணிக்கட்ட ஒடச்சு வச்சான்."

நுகுயி காருக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த பக்கவாட்டுக் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

காரை லிஃப்டில் ஏற்றி நான்கு சக்கரத்தையும் கழற்றினேன். பனிக்கால செட்டை உருட்டி வரும்போது டயரின் பக்கவாட்டில் இருந்த நான்கு எண்கள் கண்ணில் பட்டன. தயாரித்த வாரமும் வருடமும். இரண்டு முறை படித்தேன். ஒன்பது வருடப் பழசு. கட்டைவிரலால் அழுத்தினேன், கொஞ்சமும் அமுங்கவில்லை.

போன வருடம் அந்த எண்ணை நான் பார்க்கவே இல்லை. எங்கள் ஊரில் யாருமே பார்ப்பதில்லை. நாங்கள் ஓட்டும் ஓட்டத்துக்கு நாலு குளிர்காலத்தில் டயர் தேய்ந்துபோகும், அது கிழடாவதற்கு நேரமே கிடையாது. அதனால் டயர் வரிப் பள்ளம் ஆழமாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும் என்று பழகிவிட்டோம். டோக்கியோக்காரர் வருடத்துக்கு இரண்டு தடவை பனிச்சறுக்குக்குப் போய் வந்திருப்பார். பள்ளம் புதுசாகவே இருந்தது, ரப்பர் மரக்கட்டையாகிவிட்டது. இறுகின ரப்பர் பனியில் பிடிக்காது, வழுக்கும். நானும் தட்டிப் பார்த்து, "ஜோரா இருக்கு" என்று சொல்லி மாட்டி அனுப்பிவிட்டேன்.

பேசாமல் இருந்திருக்கலாம். "பழசாயிடுச்சு, மாத்திடலாம்" என்று சொன்னால் முடிந்தது. அரை நிமிடம் அப்படித்தான் நினைத்தேன், நான் ஒன்றும் புத்தரில்லை. ஆனால் நுகுயி இப்போது கழற்றி வைத்த சக்கரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு என் மேலேயே கோபம் வந்தது.

"முதலாளி, பிப்ரவரில தப்பு நுகுயி-சானோடது இல்ல. என்னோடது," என்றேன். காத்திருந்த ஆறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "பள்ளம் புதுசு மாதிரி இருக்கே," என்றார்.

"உங்க கட்டைவிரல வச்சுப் பாருங்க. மொதல்ல இந்தப் புது டயர்ல. அப்புறம் உங்களோடதுல."

இன்று இடித்த மோச்சியா நேற்று இடித்ததா என்று விரல் வைத்ததும் சொல்லிவிடும் மனிதர். புதியதை அழுத்தினார். பழையதை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். முகம் மாறிவிட்டது.

"சரி. புதுசாவே மாட்டுங்க. ஆனா இருபது இஞ்ச்."

"பதினெட்டுதான். டயர் தடிமனா இருந்தாதான் உறைஞ்ச ரோட்டுத் தடத்துல தாங்கும்."

"டாக்ஸி மாதிரி இருக்கும்."

"டாக்ஸிக்காரங்க யாரும் பனிமேட்டுல மோதலையே. அது கிடக்கட்டும். நுகுயி-சான்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும் நாம."

நான் முதலில் போனேன். அவர் முன்னால் இடுப்பு வரை குனிந்து, "என் தப்பு, மன்னிச்சிடுங்க," என்றேன். அவர் பதறிப்போய் என்னைவிடத் தாழக் குனிந்தார். எங்கள் ஊர் வழக்கம் அது. யார் மன்னிப்பு கேட்டாலும் பதிலுக்குக் குனிந்தே ஆகவேண்டும்.

"இப்ப நீங்க," என்றேன் முதலாளியிடம்.

"எனக்கு மூணு மணிக்கு மீட்டிங்."

"டாக்ஸி கூப்பிடறேன். வார்த்தை வர்ற வரைக்கும் வண்டி கீழ இறங்காது."

சக்கரமே இல்லாமல் அந்த ராஜா கார் அந்தரத்தில் நின்றது. வரிசையில் இருந்த வெங்காய விவசாயி ஒருவர், "எங்களுக்கு அவசரமில்ல முதலாளி," என்றார், வேண்டுமென்றே.

"வேண்டாம் யாச்சி-சான்," என்றார் நுகுயி.

"நீங்க சும்மா இருங்க. ஒம்பது மாசமா தலை குனிஞ்சது போதும்."

அவர் துணியை மடித்துப் பையில் வைத்தார். பிறகு மெதுவாக, "டயர் பிடிக்கலைன்னு மொத நாளே சொன்னேனே ஐயா," என்றார்.

முதலாளி தரையைப் பார்த்தார். "சொன்னே," என்றார். "நான்தான் கேக்கல."

பிறகு குனிந்தார். எழுபது வயதில், அத்தனை பேர் முன்னால், முதுகு சமமாகும் வரை குனிந்தார்.

நுகுயி பதிலுக்குக் குனியவில்லை. கைகளைத் தொடையோடு ஒட்டி வைத்து நேராக நின்றார்.

முதலாளி நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது. "டிசம்பர்லயும் நீயே வா," என்றார்.

"பதினெட்டு இஞ்ச்னா வரேன் ஐயா," என்றார் நுகுயி.