முதல் வகை என்று எழுதிய முழங்கை

கிடங்கில் மூட்டை சுமந்து முதுகு மேடிட்டுப் போனதால் அவனுக்கு ஒட்டகம் என்று பெயர். அன்று காலை லாரியில் சாத்திய பலகை சறுக்கி, வலது முழங்கை சிமென்ட் தரையில் மோத விழுந்தான். மேஸ்திரியே அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதைப் பார்த்துக் கிடங்கே மூக்கின்மேல் விரல் வைத்தது. பாசமெல்லாம் ஒன்றுமில்லை. ஆபரேஷன் என்றால் செலவோடு விஷயமும் முதலாளி காதுக்குப் போகும். மாவுக்கட்டோடு போனால் ஊமையாய் முடிந்துவிடும்.

"ஒண்ணுமில்லடா. கையை நேரா வச்சுக்க, அது போதும்," என்று வழியெல்லாம் காதில் ஓதினான் மேஸ்திரி. வெங்காயமும் சிகரெட்டும் கலந்த மூச்சு. ஒட்டகம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

எக்ஸ்ரே எடுக்கும்போதும் வலியைக் கடித்துக்கொண்டு கையை நேராகவே வைத்திருந்தான். படத்தைப் பார்த்த இளம் டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "முழங்கை முட்டி எலும்பு உடைஞ்சிருக்குண்ணே. விலகாம இருந்தா முதல் வகை, கட்டு போதும். விலகியிருந்தா ரெண்டாம் வகை, கம்பி போட்டு இழுத்துக் கட்டணும். மூட்டே ஆட்டம் கண்டிருந்தா மூணாவது. கையை நீட்டுங்க பாக்கலாம்."

கிடங்கு வாசலில் தினமும் இதே சோதனைதான். கையை நீட்ட முடியாதவனுக்கு அன்று வேலை கிடையாது. அதனால் கைநோவுக்காரர்கள் ஒரு வித்தை பழகியிருந்தார்கள். இடுப்பை வளைத்துக் குனிந்து கையைத் தொங்கவிட்டால், அது தன் கனத்திலேயே நேராகிவிடும். ஒட்டகமும் யோசிக்காமல் குனிந்தான். கை நீண்டது. டாக்டர் சீட்டில் ‘முதல் வகை’ என்று எழுதினார். மேஸ்திரி பல்லை இளித்தான்.

கட்டுப் போடும் அறையில் வாளித் தண்ணீர் சாம்பல் நிறத்தில் கிடந்தது. யாருடைய மயிரோ மிதந்தது. மூலையில் அறுத்துப் போட்ட பழைய கட்டிலிருந்து அழுகிய வாடை வந்தது. கட்டுப் போடுகிற அக்கா அவன் முழங்கையை மெல்ல மடக்கி, பின்பக்கம் தடவிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"இங்க என் விரல் உள்ள போகுதேப்பா!"

"அது வீக்கம்மா. சுத்துங்க சீக்கிரம்," என்றான் மேஸ்திரி.

"இருபது வருஷமா தடவுறேன். வீக்கம் எது, பள்ளம் எதுன்னு நீங்க சொல்லித் தர வேணாம். ஏம்ப்பா, உள்ள டாக்டர்கிட்ட எப்படிக் காட்டுன?"

மேஸ்திரியின் ஈரக்கை ஒட்டகத்தின் தோளை அழுத்தியது, அட்டை ஒட்டிக்கொண்ட மாதிரி. அந்தக் கையைவிட, அதற்குக் கீழே குனிந்து குனிந்து பழகிய தன் உடம்புதான் அவனுக்கு அதிக அருவருப்பாக இருந்தது. சீ, டாக்டரிடம்கூடவா!

"குனிஞ்சு காட்டுனேன்க்கா. ஏமாத்திட்டேன்."

அக்கா பஞ்சை வீசிவிட்டு அவனை டாக்டரிடமே இழுத்துப் போனார். இந்த முறை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, மேல்கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, "இப்ப நீட்டுங்க" என்றார் டாக்டர். முன்கை செத்த பாம்பு மாதிரி மடிந்து தலையில் விழுந்தது. மடக்கி வைத்து இன்னொரு படம் எடுத்தார்கள். நேராக இருந்தபோது மூடிக்கொண்டிருந்த விரிசல், இப்போது வாயைப் பிளந்துகொண்டு தெரிந்தது.

"மடக்கித்தான் படம் எடுத்திருக்கணும், என் தப்புதான். அதுக்காக நீங்களும் இப்படிப் பண்ணலாமாண்ணே? இதோட கட்டிவிட்டிருந்தா ஒரு கதவைக்கூட தள்ள முடியாம போயிருக்கும்."

பின்னாலேயே வந்த மேஸ்திரி மறுபடி அவன் தோளைப் பிடித்துப் பல்லைக் கடித்தான். "என்னை ஒரு வார்த்தை கேட்டியாடா? இனிமே கிடங்குப் பக்கம் வந்துடு பாப்போம்!"

"கை உங்களுதா என்னுதா?" ஒட்டகம் தோளை உதறினான். "எட்டி நில்லுங்க. வாடை தாங்கல."

டாக்டர் பழைய எழுத்தை அடித்துவிட்டு ‘இரண்டாம் வகை’ என்று எழுதினார். மறுநாள் காலை ஆபரேஷன். மேஸ்திரியின் கை பட்ட தோளை இடது கையால் அழுத்தித் துடைத்துக்கொண்டே ஒட்டகம் வார்டுக்கு நடந்தான்.