கழற்றி மாட்டும் பல்

என் மைத்துனன் படம் எடுப்பான், நான் வெட்டி ஒட்டுவேன். மனைவியின் தம்பி என்பதால் அவனோடு சண்டை போட வழியில்லை. போட்டால் அன்று சாயங்காலம் வீட்டில் நான்தான் குற்றவாளி.

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்து அனுப்பும் ஒரு பெரிய சலவைக்கூடத்தைப் பற்றி இருபது நிமிடப் படம் எடுத்தான்; கேமராவுக்கு ஒரு பெண்ணை வைத்திருந்தான். தேய்க்கும் மெஷினில் பதினாறு வருஷமாக நின்ற ஒரு மனிதர்தான் அதன் உயிர். கேமராவைக் கண்டதும் மற்றவர்கள் தலையை வாரிக்கொண்டார்கள். அவர் மட்டும் நீராவிக்கு நடுவில் நின்று, நாங்கள் அங்கே இருப்பதே தெரியாத மாதிரி விரிப்பை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். கடைசிக் காட்சியில் அவர் ஒருமுறை திரும்பி நம்மைப் பார்க்க வேண்டும் என்று மைத்துனனுக்கு ஆசை. கடைசி நாள் திரும்பினார். திரும்பி முறைத்தார். போங்க போங்க என்று கையை வீசினார்.

"இது வேணாம் மாமா. பார்க்கிறவங்களை வெளியே துரத்துற மாதிரி இருக்கு. சிரிச்சா நல்லா இருக்கும்."

"அவர் சிரிக்கலையேடா."

"நீங்க சிரிக்க வைங்க. ஏஐ பின்ன எதுக்கு இருக்கு?"

நான் மறுத்தேன் என்று எழுத ஆசைதான். மறுக்கவில்லை. அவர் முகம் நன்றாகத் தெரிகிற ஒரு படத்தைக் கொடுத்து, மெல்லத் திரும்பி மனதாரச் சிரிக்கிறார் என்று தட்டினேன். முதலில் காது மாறியது, பிறகு ஒரு விரல் கூடியது. ஐந்தாவது தடவை வந்தது அச்சு அசல் அவர், நாலு செகண்டு. நிஜ நீராவிக்கும் அதற்கும் நடுவே ஒட்டுத் தெரியாதபடி நிறத்தைச் சரிசெய்து, மெஷின் இரைச்சலை இரண்டின் மேலும் படரவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பெருமை தாங்கவில்லை. சில காட்சிகள் கணினியில் உருவாக்கியவை என்று கடைசியில் ஒரு வரி போடலாமா என்று கேட்டேன். "நாலு செகண்டுக்கா?" என்றான் மைத்துனன். நானும் விட்டுவிட்டேன்.

அடுத்த மூன்று மாதத்தில் அந்த மனிதர் மாரடைப்பில் போய்விட்டார். படத்தைத் திரையிட்டபோது அவர் மனைவியை முதல் வரிசையில் உட்கார வைத்தோம். அந்தச் சிரிப்பு வந்ததும் அரங்கமே கைதட்டியது. அந்த அம்மாள் மட்டும் கையை மடியிலேயே வைத்திருந்தார். துக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் அந்த அம்மாள் என் எடிட்டிங் அறை வாசலில் வந்து நின்றார். தையல் வேலை செய்கிறவர். கழுத்தில் போட்ட அளவு டேப்பை எடுக்க மறந்து அப்படியே பஸ் ஏறி வந்திருந்தார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"தம்பி, ஒண்ணு கேட்பேன். மறைக்காம சொல்லணும்."

"கேளுங்கக்கா."

"கேமரா பிடிச்சது ஒரு பொண்ணாமே?"

"ஆமா."

"அவளைப் பார்த்துத்தான் சிரிச்சாரா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"அவருக்கு மேல் பல்லு ஒண்ணு பாதி உடைஞ்சிருக்கும். கல்யாணத்துக்கு முன்னாடியே போனது. அந்தக் கூச்சத்துல வாயைத் திறந்து சிரிக்கவே மாட்டாரு. என்கிட்டகூட உதட்டை மூடிக்கிட்டுத்தான். படத்துல பார்த்தா பல்லெல்லாம் வரிசையா இருக்கு. அப்போ கழற்றி மாட்டுற பல்லு வச்சிருந்திருக்காரு. வேலைக்குப் போனதும் மாட்டிக்க வேண்டியது, வீட்டுக்கு வரும்போது கழற்றிட வேண்டியது. சட்டைப் பை, பெட்டி, வேலை இடத்துல அவரோட அலமாரி, ஒண்ணு விடாம தேடிட்டேன். பக்கத்துல ரெண்டு பல் டாக்டர் இருக்காங்க, அவங்ககிட்டயும் போட்டோ காட்டிக் கேட்டுட்டேன். கூட வேலை பார்த்தவங்க தெரியாதுங்கிறாங்க. எல்லாரும் சேர்ந்து மறைக்கிறாங்க தம்பி."

வேறு யாராவது சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். நான் கொடுத்த படத்தில் அவர் வாய் மூடியிருந்தது. உள்ளே இருப்பது ஏஐக்கு என்ன தெரியும்? அது பாட்டுக்கு நல்ல பல்லாக நட்டுவைத்திருக்கிறது. அதை நூறு தடவை பார்த்த எனக்கும் தோன்றவில்லை.

"வெளிச்சத்துல அப்படித் தெரிஞ்சிருக்கும்க்கா" என்றேன். கூசாமல் வந்தது.

"போட்டுக் காட்டுங்க."

காட்டினேன். நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்தினேன். திரைக்கு அருகே குனிந்து, பற்களை நகத்தால் தொட்டு ஒவ்வொன்றாக எண்ணினார்.

"இருபத்திரண்டு வருஷம். ஒரு நாள்கூட என்னைப் பார்த்து இப்படிச் சிரிச்சதில்ல. வீட்டுல அவரு போட்டோவைச் சுவத்துப் பக்கமா திருப்பி வச்சிருக்கேன். அந்த மூஞ்சியைப் பார்க்கவே பிடிக்கல."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அக்கா, அது அவர் இல்ல."

"என்ன?"

"அவர் சிரிக்கவே இல்ல. கம்ப்யூட்டர்ல நான்தான் சிரிக்க வச்சேன். படம் நல்லா முடியணும்னு. அந்தப் பல்லும் அது போட்டதுதான். தப்பு என்மேலதான்."

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இப்போதுதான் உட்கார்ந்தார்.

"அப்போ பல்லு கட்டிக்கலையா?"

"இல்லக்கா."

"யாரைப் பார்த்தும் சிரிக்கலையா?"

"இல்ல."

டேப்பின் நுனியால் கண்ணைத் துடைத்தார். "ஐயோ, மூணு வாரமா அந்த மனுஷனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கிட்டு இருக்கேனே" என்றார். என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். அறைந்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவருக்கு இருந்த நிம்மதியில் நான் செய்தது மனதில் ஏறவே இல்லை.

"சரி, நிஜத்துல என்னதான் பண்ணாரு?"

"திரும்பி முறைச்சாரு. போங்க போங்கன்னு கையை வீசினாரு."

அவர் முகம் அப்படியே மலர்ந்தது. "அதான்! அதான் அவரு! வேலை நேரத்துல குறுக்கே போனா என்னையும் அப்படித்தான் துரத்துவாரு. அதைப் போடுங்க தம்பி, ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடுறேன். ஆள் நடமாடுற படம் எங்க வீட்டுல ஒண்ணுகூட இல்ல."

படம் முடிந்ததும் பயன்படாத காட்சிகளை அழித்துவிடுவது என் பழக்கம். இல்லாவிட்டால் இடம் போதாது. பயன்பட்டதை மட்டும் இரண்டு பிரதி எடுத்துப் பூட்டி வைப்பேன். அதாவது, அந்தப் பொய்ச் சிரிப்பு இரண்டு இடத்தில் பத்திரமாக இருந்தது. முறைப்பு எங்கேயும் இல்லை. இல்லை என்று தெரிந்தே ஒவ்வொரு டிஸ்க்காகச் செருகித் தேடினேன். கேமராப் பெண்ணுக்குப் போன் செய்தேன். கேமராவின் மெமரி கார்டை மறுநாளே அழித்து வேறு படப்பிடிப்புக்குக் கொண்டுபோய்விட்டதாகச் சொன்னாள். அரை மணி நேரம் அந்த அம்மாள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழிச்சிட்டேன்க்கா" என்றேன்.

"முறைச்சா என்ன தம்பி? அவரு முறைச்சதுதானே. அதைப் போய் ஏன் அழிச்சீங்க?"

அவர் டேப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார்.

"நீங்க பார்த்தீங்கல்ல? எப்படி வீசினாரு, செஞ்சு காட்டுங்க."

எழுந்து நின்றேன். அந்த மனிதரை மனதில் கொண்டுவரப் பார்த்தேன். திரும்பத் திரும்ப அந்த நாலு செகண்டுதான் வந்தது, வரிசைப் பல்லோடு. அவர் முறைத்த முகம் எனக்கும் அழிந்துபோயிருந்தது. இருந்தாலும் புருவத்தைச் சுருக்கி, கையைத் தூக்கி வீசினேன்.

"முழங்கை இன்னும் கீழ இருக்கும். இப்படித்தானே?" என்று தன் கையால் செய்து காட்டினார்.

"ஆமாக்கா, அப்படியேதான்" என்றேன்.